குன்றக்குரவையும் அரசின் கல்லும்: பாலக்காடு – இடுக்கி எல்லைப்புற இசைமரபுகளும் தேசிய அடையாளமும்

முன்னுரை

நிலத்தையும் இசையையும் பிரித்துக் காணாத மரபு தமிழ்மரபு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு நிலத்து மக்கள் இன்னார் என அறிவதற்கு அவர்தம் இசையும் ஓர் அடையாளம் என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. ஆனால் திணை என்பது ஆட்சியெல்லை அன்று. குறிஞ்சி எங்கு முடிந்து முல்லை எங்குத் தொடங்குகிறது என எவரும் கல் நட்டு வரையறுத்ததில்லை. தற்காலத் தேசமோ எல்லைக்கல்லால் வரையறுக்கப்படுவது. இவ்விரு எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில் இசை எத்தேசத்திற்கு உரியது என்னும் வினா எழுகிறது.

அத்தகைய இடங்களுள் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறப் பகுதிகள் குறிப்பிடத்தக்கவை. இப்பகுதிகளின் மரபிசையும் நவீன இசையும் தேசிய அடையாள உருவாக்கத்தில் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 'தேசியம்' என்பது இங்கு இந்திய தேசியம், மொழிவழித் தேசியம் ஆகிய இரண்டையும் குறிக்கும்.

இவ்வாய்விற்குரிய அளவுகோலைச் சிலப்பதிகாரமே தருகிறது. கண்ணகியைத் தெய்வமென முதலில் கண்டவர் சேரன் செங்குட்டுவன் அல்லன்; வேங்கை மர நிழலில் அவளைக் கண்ட குன்றக் குறவரே. அவர்கள் பறை முழக்கிக் குரவையாடி அவளைத் தம் தெய்வமாக ஏற்றனர். பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த அரசனுக்கு அவர்களே அச்செய்தியைக் கூறினர். அதன் பின்னரே இமயத்துக் கல்லும் கங்கை நீராட்டும் கடவுள் மங்கலமும் நிகழ்கின்றன. பாட்டு முன்னும் அரசின் கல் பின்னுமாக அமைந்த இவ்வரிசை ஒரு காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை என்பதும், கல் நாட்டப்பட்ட பின் குரவை பாடியோர் மறக்கப்படுகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

எல்லைக்கோடும் அதற்கு முந்தைய நிலையும்

இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் வட்டம் கொச்சி அரசின் கீழும், இன்று இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூர் அரசின் கீழும் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. பாலக்காடு மாவட்டம் 1957-இலும் இடுக்கி மாவட்டம் 1972-இலும் உருவாயின.

கோடு வரையப்பட்டபோது மக்களின் மொழி கணக்கெடுக்கப்பட்டது. இசை கணக்கில் வரவில்லை. இவ்விடத்தில் ஒரு சொல்வழக்கு நோக்கற்பாலது. மலபார்ப் பகுதியில் 'தேசம்' என்னும் சொல் பேரரசையோ நாட்டையோ குறிப்பதன்று. கோயிலை நடுவாகக் கொண்ட சிற்றூர்ப் பகுதியைக் குறிப்பது. ஆலத்தூர், சித்தூர் வட்டாரங்களின் கண்யார்களி போன்ற ஆடல்கள் இன்றும் தேசக்கணக்கிலேயே நடைபெறுகின்றன. அவற்றின் பாடல்களில் தமிழ் கலந்தே வருகிறது. அதே சித்தூரில் பகவதி கோயில் திருவிழாவாக நிகழும் 'கொங்கன்படை' கொங்குப் படையை வென்ற நினைவைக் கொண்டாடுவது. பகையை நினைவுகூரும் மண்ணிலேயே பகைவரெனக் கருதப்பட்டோரின் மொழியும் பாட்டாக வாழ்கிறது. எல்லைப்புற அடையாளத்தின் இயல்பு இதுவே எனலாம்.

தோற்பாவைக்கூத்து: தேவிக்குப் பாடப்படும் கம்பன்

பாரதப்புழை ஆற்றுப் படுகையை ஒட்டிய பத்திரகாளி, பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக்கூத்து இவ்வாய்வில் முதன்மை பெறுகிறது. இதன் மூலநூல் கம்பராமாயணம். தாரிகனோடு போர்புரிந்து கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண இயலாது போன தேவிக்கு அதனைக் காட்டுவதற்கே இக்கூத்து நிகழ்த்தப்படுகிறது என்பது ஐதிகம். கோயிலின் எதிரே நிலையாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, இரவு முழுவதும் புலவர்கள் பாடுவர். கோயில் வழக்கத்திற்கேற்ப 7, 14, 21 என்னும் கணக்கில் இரவுகள் அமையும். 71 இரவுகள் நிகழும் இடங்களும் உண்டு.

இக்கூத்தில் செய்யுள் தமிழில் பாடப்படுகிறது. விளக்கவுரை தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த நடையில் விரிகிறது. பாடுவோரின் தாய்மொழி பெரும்பாலும் மலையாளம். அவர்களைப் 'புலவர்' என்றே மக்கள் வழங்குகின்றனர். பாடப்படும் செய்யுட்களுள் கம்பன் பாடல்களோடு அச்சுப் பதிப்புகளில் இடம்பெறாத பிற பாடல்களும் விரவியுள்ளன. இத்தொகுப்பிற்கு 'ஆடற்பற்று' என்று பெயர். இக்கூத்தை விரிவாக ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பார்வையாளர் ஒருவருமின்றியே பல இரவுகள் கூத்து நிகழ்வதைச் சுட்டிக்காட்டினார். அவ்விரவுகளில் தேவியே அவையாகிறாள்.

தேசிய அடையாளம் பற்றிய கொள்கைகள் பலவும் இசையைக் கேட்கும் கூட்டத்தையே முதன்மையாகக் கொள்கின்றன. ஒன்றாகக் கேட்பதால் மக்கள் ஒன்றாகின்றனர் என்பது அவற்றின் அடிப்படை. தோற்பாவைக்கூத்து இதற்கு விலக்காக நிற்கிறது. கேட்போர் இல்லாதபோதும் இம்மரபு அழியாமல் நின்றமைக்குக் காரணம், பாடுதல் ஒரு கடமையாகக் கருதப்பட்டதே. தமிழ் தம் தாய்மொழி எனக் கொள்ளாத குடும்பங்கள் தமிழ்க் காப்பியம் ஒன்றைத் தலைமுறைகளாக மனப்பாடத்தில் காத்து வந்துள்ளன. மொழிவழித் தேசியம் இவர்களை எங்கு வைப்பது என அறியாமல் நின்றது. கேரளத்திற்கு இது தன் கோயிற்கலை. தமிழகத்தின் கலை வரலாறுகளிலோ இதற்குப் பெரும்பாலும் அடிக்குறிப்பளவே இடம் கிடைத்தது. கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டு சென்றார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அரசின் கல் இங்கு மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது.

கல்பாத்தியும் செவ்வியல் இசையும்

கர்நாடக இசையைத் தென்னாட்டின் செவ்வியல் இசையாக நிலைநிறுத்திய முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தேசிய எழுச்சியோடு பிணைந்தது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி எழுந்த எண்ணமே 1928-இல் மியூசிக் அகாதெமியாக வடிவம் பெற்றது. இவ்விசையின் முன்னணிக் கலைஞர்களுள் பலர் பாலக்காட்டுப் பகுதியினர். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974), மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981), எம்.டி.இராமநாதன் (1923–1984), கே.வி.நாராயணசுவாமி (1923–2002) ஆகியோரைச் சான்றாகக் கூறலாம். சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் மணி ஐயரே. சாத்தபுரம் சுப்பையரிடமும் பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் பயின்ற அவரது வாசிப்பில், கேரளத்துச் செண்டையின் தாயம்பகைக் கணக்குகளின் சாயலை இசை விமர்சகர்கள் சுட்டுவர். 1965-இல் எடின்பரோ விழாவில் நாராயணசுவாமியும் மணி ஐயரும் பங்கேற்றபோது உலகிற்கு அவர்கள் அளித்தது இந்திய இசை என்றே அறியப்பட்டது. அதனுள் காவிரிக்கரைப் பயிற்சியும் நிளைக்கரைத் தாளமும் கலந்திருந்தன.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் ஆய்வு நேர்மையாகும். இசைக்குப் புகழ்பெற்ற கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்கள் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. 1924-ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது அத்தெருக்களில் ஈழவர் நுழைவது தடுக்கப்பட்டதும், அதனையொட்டிக் கிளர்ச்சி எழுந்ததும் வரலாறு. அத்தெருக்களின் இசைமரபில் தோன்றிய நாராயணசுவாமிக்குப் பெரும்புகழ் தேடித்தந்த பாடல்களுள் ஒன்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைச் சேர்ந்தது. வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒருவன் உள்ளே வர அனுமதி வேண்டும் பாடல் அது. பாடலின் பொருளும் தெருவின் வழக்கமும் நேர்முரணாக நின்ற காலமொன்று இருந்தது. செம்பை, கிறித்தவராகிய கே.ஜே.யேசுதாசை மாணவராக ஏற்றது அக்கதவைச் சற்றுத் திறந்த செயலாகும். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1943-இல் தமிழ் இசைச் சங்கமாக நிலைபெற்ற தமிழிசை இயக்கம், மேடையில் எம்மொழி ஒலிக்க வேண்டும் என வினவியது. மேடையில் எவர் ஏறலாம் என்னும் வினாவோ அவ்வியக்கத்தின் மையத்திற்கு வரவில்லை.

கோவில்மலைக் கூத்து

இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனையை அடுத்த கோவில்மலை மன்னான் பழங்குடியினரின் அரசிருக்கை. தம் முன்னோர் மதுரைப் பாண்டியரோடு தொடர்புடையோர் என்பது அவர்தம் வாய்மொழி வரலாறு. இம்மலைகளில் வாழும் முதுவர்களும் மதுரையிலிருந்து வந்தவர்களாகவே தம்மைக் கூறிக்கொள்வர். மன்னான்களின் காலவூட்டு விழாவில் நிகழும் மன்னான்கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பாடுவது. பாட்டின் மொழி தமிழோடு மிக நெருங்கியது.

இதே மாவட்டத்தில் குமுளியை அடுத்து, தேனி மாவட்ட எல்லையில் மங்கலதேவிக் கண்ணகி கோயில் உள்ளது. இதுவே செங்குட்டுவன் எடுத்த கோட்டம் எனச் சி.கோவிந்தராசனார் முதலிய அறிஞர் நிறுவ முயன்றனர். இதில் கருத்து வேறுபாடு உண்டு. கொடுங்கல்லூரே அவ்விடம் என்பாரும் உளர். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று இரு மாநில நிருவாகங்களின் ஏற்பாட்டில் மக்கள் மலையேறி வழிபடுகின்றனர். இக்கோயில் எம்மாநிலத்திற்கு உரியது என்னும் வழக்கு நெடிது. கல்லைப் பற்றிய வழக்கில் காட்டப்பட்ட ஆர்வத்தில் ஒரு சிறுபகுதியேனும் அம்மலையடுக்கில் கண்ணகியைப் பாடுவோர் மீது காட்டப்பட்டதா என்பது கேட்கப்பட வேண்டிய வினா.

1892-இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னரே கற்றோரிடையே அக்காப்பியம் பெருவழக்குப் பெற்றது. மன்னான்கூத்து ஏட்டையோ அச்சையோ சார்ந்ததன்று. காப்பியத்தின் கதைதான் மலைக்குச் சென்றதா, மலையில் வழங்கிய கதையே காப்பியமானதா என்பதைக் கூத்தின் முழுப்பாடமும் ஒப்பாய்வுக்குக் கிடைத்தாலன்றி முடிவு செய்ய இயலாது. 2025-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவிற்குக் கோவில்மலை அரசர் விருந்தினராகத் தில்லிக்கு அழைக்கப்பட்டார். தேசம் அரசரைக் கண்டது. அவர்தம் குடியின் பாட்டைக் கேட்பது இன்னும் எஞ்சியுள்ளது.

தேவிகுளம் 1958: பாட்டும் வாக்கும்

மரபிசையைப் போன்றே நவீன இசையும் இவ்வெல்லையில் அடையாளத்தைத் தீர்மானித்துள்ளது. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வாயிலாகத் தமிழகத்துத் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1956-இல் அவர்கள் வாழ்ந்த வட்டங்கள் கேரளத்தில் நின்றபோது தமிழர் பலருக்கு அது பேரிழப்பாகத் தோன்றியது.

1957-இல் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி சிறு பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டதால் 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஆட்சியின் மதிப்பே அத்தேர்தலில் அடங்கியிருந்தது. மலைக்குக் கீழே, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் அத்தேர்தலில் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடினார். மக்கள் அறிந்த நாட்டுப்புற மெட்டுகளிலும் திரைமெட்டுகளிலும் கட்சியின் கொள்கையை அவர் பொதித்தார். ரோசம்மா புன்னூசு மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பங்கினை முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு போற்றியதாகக் கூறுவர்.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. மொழி அடிப்படையில் கோடு வரையப்பட்டு ஈராண்டுகளே கடந்த நிலையில், மலையாள மாநிலத்தின் அமைச்சரவைக்குத் தமிழ்ப்பாட்டு துணை நின்றது. அதே ஆண்டுகளில், நடுவண் அமைச்சர் பி.வி.கேஸ்கர் திரையிசை தேசத்தின் சுவையைக் கெடுப்பதெனக் கருதி வானொலியில் அதனை ஒதுக்கி வைத்திருந்தார். 1957-இல் விவித் பாரதி தொடங்கும் வரை மக்கள் இலங்கை வானொலியை நாடினர். அரசு தேசத்திற்குத் தகாதது என்று தள்ளிய மெட்டுகளே தோட்டத் தொழிலாளரை அரசியல் குடிமக்களாக ஒன்றுதிரட்டின. பாவலரின் குழுவில் வளர்ந்த அவர் தம்பி இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் திரையிசைக்குள் வந்தார். 2022 சூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2025 மார்ச் 8-ஆம் நாள் தம் சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார். எல்லைமலையின் மேடைப்பாட்டிலிருந்து தொடங்கிய பாதை அது.

தமிழ்த்தாய் வாழ்த்து: சொல்லும் மெட்டும்

மொழிவழித் தேசியத்தின் உச்ச இசையடையாளம் தமிழ்த்தாய் வாழ்த்து. 1970-இல் தமிழக அரசு இதனை அரசு விழாக்களில் பாட ஏற்றது. 2021 திசம்பர் 17-ஆம் நாள் மாநிலப் பாடலாக அறிவித்து, முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், திசிர நடையில், 55 வினாடிகளில் பாட வேண்டுமென வரையறுத்தது. இதன் சொற்கள் 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரத்தைச் சேர்ந்தவை. அதனை இயற்றிய பெ.சுந்தரம் பிள்ளை (1855–1897) ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மெட்டமைத்த எம்.எஸ்.விஸ்வநாதன் (1928–2015) பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து கண்ணூரில் இசை பயின்றவர்.

பிறந்த ஊர் ஒன்றே ஒருவரின் இசையை உருவாக்கிவிடாது. விஸ்வநாதனின் கலை சென்னைத் திரையுலகில் முதிர்ந்தது என்பதும் உண்மை. எனினும் தமிழினத்தின் தனித்தன்மையைப் பறைசாற்றும் பாடலின் சொல்லும் மெட்டும் இன்றைய கேரள எல்லைக்குள் பிறந்த இருவரால் ஆனவை என்பது தற்செயலெனத் தள்ளத்தக்கதன்று. தமிழ் அடையாளம் உருவான களம் இன்றைய தமிழ்நாட்டு எல்லையினும் அகன்றது என்பதற்கு இது சான்று. அரசு ஏற்ற வடிவில், பிற திராவிட மொழிகள் தமிழிலிருந்து தோன்றியமையைக் கூறும் வரிகளும் ஆரியமொழி பற்றிய குறிப்பும் விலக்கப்பட்டமை அறிஞர் அறிந்ததே. பாட்டைக் கல்லாக்கும்போது அரசு அதனைச் செதுக்கிக்கொள்கிறது. அண்டை மொழியினரோடு நல்லுறவு பேணிய செதுக்கல் அது. எனினும் செதுக்கல் என்பதை உணர்தல் வேண்டும்.

அட்டப்பாடி 2022: எது தேசிய இசை?

பாலக்காட்டு மாவட்டத்தின் வடகிழக்கில், கோவை மாவட்டத்தை ஒட்டிய அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளர் மொழியைத் தமிழின் கிளைவழக்கெனக் கருதியோர் பலர். கமில் சுவலபில் அதனைத் தனித்த தென்திராவிட மொழியென ஆய்ந்து காட்டினார். 2020-இல் வெளிவந்த 'ஐயப்பனும் கோசியும்' மலையாளத் திரைப்படத்தில் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா தம் இருள மொழிப் பாட்டைப் பாடினார். 2022 சூலை 22-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 68-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. இளையராஜா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அதே மாதம் அது.

முறையாக இசை பயிலாத ஒருவருக்கு இவ்விருது தகுமா என்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. சுருதிக்கேற்ப எந்தப் பாடலையும் பாடும் பயிற்சியே அளவுகோல் என்பது அதன் வாதம். இதற்கு மறுப்பாக இசைத்துறையினர் பலர் நஞ்சியம்மாவுக்கு ஆதரவாகப் பேசினர். இவ்விவாதத்தை ஒரு விருதைப் பற்றிய சச்சரவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பயிற்சி என்பது யாருடைய பயிற்சி என்பதே உள்ளார்ந்த வினா. கொகல் என்னும் குழலும் தவிலும் ஒலிக்க, விதைப்பிலும் இறப்புச் சடங்கிலும் சிறு பருவம் முதல் பாடி வருவதும் பயிற்சியே. கல்பாத்தியின் குருகுலத்தைப் பயிற்சியென்றும் அட்டப்பாடியின் ஊர்க்களத்தை இயல்பென்றும் பிரித்தது இருபதாம் நூற்றாண்டுத் தேசியத்தின் இசைப்பாகுபாடே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தேசிய அடையாளம் பெற்ற இசைகள் பலவற்றில் எல்லைப்புறத்தின் பங்கு பெரிது என்பதும், அரசும் நிறுவனங்களும் அவற்றைப் பின்னரே ஏற்கின்றன என்பதும், ஏற்கும்போது தேர்ந்தும் செதுக்கியும் கொள்கின்றன என்பதும் புலனாகின்றன. மரபிசை, நவீன இசை என்னும் பாகுபாடு இப்போக்கை மாற்றவில்லை. கம்பனைப் பாடிய புலவரும், தேர்தல் மேடையில் பாடிய பாவலரும், திரையில் பாடிய நஞ்சியம்மாவும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

இவ்விடத்தில் தமிழ்த்துறைகளுக்கு இரு பொறுப்புகள் உள்ளன. முதலாவது, ஆடற்பற்றையும் மன்னான்கூத்தையும் முழுமையாகப் பதிவு செய்து, கம்பராமாயணத்தோடும் சிலப்பதிகாரத்தோடும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை வெளியிடுதல். தலைமுறைகளின் நினைவில் மட்டுமே வாழும் பாடங்கள் பாடுவோர் மறையும்போது உடன் மறைவன. சுவடிக்கு அளிக்கும் மதிப்பைப் பாடுவோரின் நினைவுக்கும் அளித்தால் பதிப்பியல் வளம் பெறும்.

இரண்டாவது பொறுப்பு கடினமானது. இவ்விசைகளைத் தமிழுக்கு உரியவை என்று உடனே உரிமை கொண்டாடுதலும், அவற்றின் மொழியைக் 'கலப்புத் தமிழ்', 'சிதைந்த தமிழ்' என்று வகைப்படுத்துதலும் ஆய்வுலகில் பழகிப்போனவை. தோற்பாவைக்கூத்துப் புலவர் மலையாளியாக இருந்துகொண்டே கம்பனுக்கு உரியவர். இருளர் இருளராகவே பாடுகின்றனர்; மன்னான்களின் கண்ணகி அவர்களுடைய கண்ணகியே. நாமும் நம் பங்கிற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து நாட்டிவிட்டு அகன்றால், செங்குட்டுவன் காலத்துப் பிழையையே மீளச் செய்தவராவோம். சிலப்பதிகார ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. அரசனின் கல்லுக்கு ஒரு காண்டமே ஒதுக்கிய அவர், அக்காண்டத்தின் தொடக்கத்திலேயே குன்றவர் பாட்டைக் குன்றக்குரவை என்று அவர்தம் பெயராலேயே ஒரு காதையாக்கி வைத்தார். பாடியோரைப் பெயர்சுட்டிப் பதிவு செய்யும் அந்நெறியே எல்லைப்புற இசை ஆய்வுக்கும் உரிய நெறியாகும்.